அண்ணன் சொல்லாத ஆமாம்

ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணன், காப்பியைக்கூடத் தொடாமல், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வழவழவென்று இறங்கிய கோட்டில் எங்கும் ஒரு மேடு இல்லை. "என்னண்ணா வந்திருக்கு?" என்றேன். "ஒண்ணும் வரல. இந்தத் தடவையும்" என்றார்.

மைசூரில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றால் எங்கள் வார்டில் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். அண்ணனுக்கோ அதுவே நோயானது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே இழைக் கோட்பாட்டில் பாதி ஆயுளைப் போட்டவர் அவர். எல்லாத் துகள்களும் அதிரும் இழைகளே, நம்முடையதைப் போல எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருக்கலாம் என்றெல்லாம் மேடைகளிலும் எங்களிடமும் விளக்குவார். நாம் அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஒரு ஜோடி உண்டென்றும், ஐரோப்பாவில் பூமிக்கடியில் துகள்களை மோதவிடும் இயந்திரம் ஓடினால் அவை அகப்படும் என்றும் நம்பினார். இயந்திரம் ஓடியது. நெடுநாள் தேடிய வேறொரு துகள் அகப்பட்டது. அன்று துறையில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஜோடிகள் மட்டும் வரவே இல்லை; வந்திருந்தால் அந்தக் கோட்டில் ஒரு மேடு தெரிந்திருக்கும். இன்னும் பெரிய இயந்திரம் கட்டினால் வரும் என்றார்கள் நண்பர்கள். அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு என் கணவரின் ரிப்போர்ட்டில் ஒன்று வந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு அண்ணன் மட்டும் இருந்தார். சுவரிலிருந்த என் கணவரின் படத்தைக் காட்டிக் கேட்டேன்: "வேற பிரபஞ்சத்துலயும் நாம இருக்கலாம்னு சொல்வீங்களேண்ணா. அங்க இவர் உயிரோட இருப்பார்தானே?"

அவர் எழுந்து காப்பி டம்ளர்களை அடுக்கத் தொடங்கினார். நோயாளிகளின் வீட்டாரிடம் நான் எத்தனையோ முறை, நம்பாமலே, சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு சொல் போதும் எனக்கு. "சும்மாவாவது ஆமான்னு சொல்லுங்களேன்."

"கொத்தில்லம்மா" என்றார். தெரியாது என்பதற்குச் சிறு வயதிலிருந்தே எங்கள் வாயில் வருவது அந்தக் கன்னடச் சொல்தான். "இருக்குன்னு காட்ட வழியில்ல. இல்லைன்னு காட்டவும் வழியில்ல. அப்படிப்பட்டத மேடையில ஏறிப் பேசிட்டேன். உங்கிட்ட சொல்ல முடியல."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. கிறிஸ்துமஸ் வரை அவரோடு பேசவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் அவர் எவ்வளவு தவித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்க எனக்கு அதற்கும் மேலே நாளானது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய இயந்திரம் பற்றிய செய்தி கண்ணில் பட்டால் நான்தான் அனுப்புகிறேன். "பாப்போம்" என்று பதில் வரும். மாதம் ஒரு நாள் இருவரும் கல்லறைக்குப் போகிறோம். நான் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் குனிந்து ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். போன மாதம் பிடுங்கிய இடத்திலேயே அது மறுபடி முளைத்திருக்கும்.