மச்சானைத் தெரியாத ஆள்

ஏசி பூட்டுகிற சொந்தக்காரர் ஒருவர் இருந்தாலே சங்கத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். ஐம்பது வயதில், பல் துலக்கும்போதுகூட நம்பினேன்.

என் தொழில் சின்னது. பெரிய கட்டடங்களில் ஏசி பூட்டி முடிந்ததும், ஒவ்வோர் அறைக்கும் வரவேண்டிய காற்று வருகிறதா என்று அளந்து, சரிபார்த்து, அறிக்கை கொடுப்பேன். கண்டியில் புது ஆஸ்பத்திரி ஒன்று அதற்கு ஆள் தேடியது. காற்று அளப்பவர்களின் சங்கத்தில் அங்கத்தவராக இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். சங்கத்தின் முதல் நிபந்தனை, அளக்கும் கம்பனி பூட்டும் கம்பனியைச் சாராமல் சுயாதீனமாக இருக்கவேண்டும் என்பது. என் மனைவியின் அண்ணன் திகனயில் ஏசி பூட்டுகிறவர்.

சங்கத்தில் சேர விண்ணப்பித்தேன். என்னைச் சோதிக்கச் சங்கம் கொழும்பிலிருந்து ஒரு பெண் இன்ஜினியரை அனுப்பியது. யாழ்ப்பாணத்துக்காரர். என் பழைய அறிக்கைகளில் ஒன்றை அவரே உருவினார். திகனக் கல்யாண மண்டபம். அங்கே மறுபடி அளந்து, என் எண்கள் சரியா என்று பார்ப்பாராம். அந்த மண்டபத்துக்கு ஏசி பூட்டியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் போன வான் குண்டசாலை ஊரைத் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒரு டயராவது பஞ்சராகட்டும் என்று முருகனிடம் கேட்டேன். முருகனுக்கு வேறு வேலை இருந்தது.

மெஷின் அறைத் திறப்புக்கொத்தை விரலில் சுழற்றியபடி மச்சான் வாசலில் நின்றார்.

“இவர் ஆர்?” என்றார் இன்ஜினியர்.

“தெரியலையே மேடம்.” வாய் தானாகச் சொன்னது.

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கும் இவரத் தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல ரொட்டியும் கோழிக்கறியும் மூக்குமுட்டத் தின்ன ஆளு மாதிரி இருக்கு.”

இன்ஜினியர் சிரிக்கவில்லை. அறிக்கையைத் திறந்தார். “காத்து வாற வாயளிலை நாலிலை குறைவெண்டு எழுதிக்கிடக்கு. திருத்தினதோ?”

“திருத்தாம? இவரு விட்டாத்தானே. சீலிங்கக் கழட்டி, குழாய மாத்தி, மறுபடி கழட்டி... தங்கச்சிக்கிட்டச் சொல்லியும் பாத்தேன். சரியாகுற வரைக்கும் கையெழுத்துப் போடல இந்த மனுசன்.”

“அப்ப இவர் உங்கட மச்சான்.”

தலையாட்டினேன். ஆஸ்பத்திரி வேலை படியிறங்கிப் போவது கண்ணுக்கே தெரிந்தது.

“உங்கட கொம்பனியிலை இவருக்குப் பங்கிருக்கோ?”

“இல்ல மேடம்.”

“அவரிட கொம்பனியிலை உங்களுக்கு?”

“அதுவும் இல்ல.”

“பிறகென்னத்துக்கு ஒளிக்கிறியள்? அடுத்தமுறை முதலே சொல்லிப்போடுங்கோ. இப்ப ஏணிய எடுங்கோ.”

ஏறினேன். காற்றை அளக்கும் ஹூட் தலைகீழ்க் குடை மாதிரி இருக்கும். அதைக் காற்று வாயில் பொருத்தும்போது விளிம்பு நழுவியது. மறுபடி பிடித்தேன். எண் ஏறி, இறங்கி, நின்றது. இன்ஜினியர் அறிக்கையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், அடுத்த வாயைக் கைகாட்டினார். கடைசி வாய் வரைக்கும் இப்படியே. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மச்சான். விட்டுவிடுவாரோ என்று அந்தப் பயம் வேறு.

எண்கள் பொருந்தின. அடுத்த மாதம் அங்கத்துவம் வந்தது. மச்சான் தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை.