ஆரத்தி நீரும் கியர்பெட்டி எண்ணெயும்

தோழனுக்காகத் தேர்த்தட்டில் அமர்ந்து கடிவாளம் பற்றிய பெருமானே, அன்று கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் மோட்டார் வண்டிக்கும் நீயே துணை நின்றாய். இதை எழுதும் கைக்கும் துணை நில்.

தை மாதம், வளர்பிறைத் தசமியும் ரோகிணியும் கூடிய நன்னாள். மறுநாள் என் மகளுக்குத் திருமணம். முந்தின நாளான அன்று மாலையே மாப்பிள்ளையைத் திறந்த காரில் அமர்த்தி, நாதஸ்வரத்தின் பின்னே நடை வேகத்தில் பாலிகஞ்ச் மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று சம்பந்தி ஆசைப்பட்டிருந்தார். என்னிடம் அதற்கேற்ற பழைய அமெரிக்க வண்டி இருந்தது. மேற்கூரை மடங்கும், கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். ஆனால் சில நாளாக, மெதுவாகப் போகும்போதெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கி முன்னே பாய்ந்தது.

"ஏன்னா, இது மாப்பிள்ளை அழைப்பா, ஜல்லிக்கட்டா? தவில்காரர் முதுகுல போய் முட்டப் போறது!" என்றாள் என் மனைவி.

காலையிலேயே வண்டி பழுதுபார்க்கும் மிஸ்திரியை வரவழைத்தேன். வங்காளி, சித்தப்பா, சித்தி முறையில் எங்களை மேஷோமஷாய், மாஷிமா என்றே அழைப்பவர். வண்டிக்கடியில் படுத்து, கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். பழைய எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடையோடு வடிந்தது. சல்லடையைக் கழுவி, உள்ளிருந்த பட்டையை அளவாக இறுக்கி, எண்ணெய் கசியாதிருக்கப் புதிய கேஸ்கெட் வெட்டிப் பொருத்தினார். பிறகு புதிய எண்ணெய். என்ன சிவப்பு! திருவடியில் குவிந்த செம்பருத்தியைப் பிழிந்து வைத்தாற்போல. இஞ்சினை ஓடவிட்டுச் சூடேறியபின் அளவுகோலை உருவிப் பார்த்துத் தலையசைத்தார். ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்று வந்தோம், குலுக்கல் இல்லை.

நான் ஊர்வலத்தோடு நடந்தாக வேண்டும், ஓட்டப்போவது அவரே. ஆகவே வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளை வேட்டியும் ஜிப்பாவுமாகத் திரும்பினார். வண்டியின் கீழே பார்த்தவர் முகம் வெளுத்தது.

"சர்வநாஷ், மேஷோமஷாய்! கேஸ்கெட் போச்சு!"

வண்டிக்கடியில் சிவப்பாக ஒரு குளம். இதற்குள் நாதஸ்வரக்காரர்கள் கிளம்பியிருப்பார்கள். என் வாய் தானாகப் பெருமான் நாமம் சொன்னது. அவரோ புத்தாடையோடு அப்படியே தரையில் படுத்து உள்ளே நகர்ந்தார். அடித்தட்டைத் தடவினார்; உலர்ந்திருந்தது. குளத்தில் விரல் தோய்த்து முகர்ந்தார்.

"வழுக்கவே இல்லையே! மஞ்சள் வாசனை வருது!"

வாசலில் காலித் தட்டோடு நின்றாள் என் மனைவி. "நான்தான் வண்டிக்கு ஆரத்தி எடுத்துக் கொட்டினேன். திருஷ்டி கழிய வேண்டாமா?"

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்நீர் முன்சக்கரத்தருகிலிருந்து சரிவில் ஓடி, வண்டியின் வயிற்றுக்கடியில் தேங்கியிருந்தது.

"வண்டிக்குத் திருஷ்டி போச்சு, மாஷிமா. கூடவே என் உயிரும் போகப் பாத்தது!" என்று சிரித்தபடி எழுந்தார். முதுகெல்லாம் சிவப்பு. உறவினருக்கென வாங்கிய சரிகை வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் எடுத்து நானே கட்டிவிட்டேன்.

"நடுரோட்டுல அவுந்தா?" என்றார், எங்கள் வேட்டிக்கட்டுக்குப் பழகாத மிஸ்திரி.

"பிரேக் உங்க காலுல, வேட்டி பெல்ட்டுல. பயப்படாம ஓட்டுங்கோ!" என்றாள் அவள்.

வண்டி அன்னம்போல் ஊர்ந்தது. தவில்காரர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டப வாசலில் சம்பந்தி, மிஸ்திரியின் கையில் சந்தனம் பூசி, "இவர் பொண்ணுக்கு அண்ணாவா?" என்று கேட்டார்.

மாஷிமா என்று அழைப்பவர் வேறு என்ன உறவாக முடியும்? "ஆமாம், அண்ணாதான்" என்றேன்.

இதைப் படிப்போர் அனைவர் இல்லத்திலும் மங்கல ஊர்வலங்கள் குலுங்காமல் நடக்கட்டும். வாசலில் சிவந்து தேங்குவதெல்லாம் ஆரத்தி நீராகவே இருக்கட்டும்.