மேனேஜரின் வெள்ளைக் கார்

ஜூஜுவாடிப் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தங்கதுரைக்குப் பதினோரு வருஷ வேலை. கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தவன். பிளானிங் செக்‌ஷனில் அவன் வேலை நாலரைக்கே முடிந்துவிடும். ஷிப்ட் முடிவது ஐந்தரைக்கு. வீட்டுக்குக் கிளம்புவதோ எட்டுக்கு. நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. முடித்த ஷீட்டைத் திறப்பான், மஞ்சள் கட்டத்தைப் பச்சையாக்குவான், மறுபடி மஞ்சளாக்குவான். ஆபீஸில் இருந்த இருபது பேரும் அந்த உத்தியோகத்தைத்தான் பார்த்தார்கள்.

காரணம் மேனேஜர் நாராயணப்பனின் வெள்ளைக் கார். தினமும் எட்டுக்கு அது ஷெட்டை விட்டுக் கிளம்பும்வரை யாரும் எழக் கூடாது. எழுதி ஒட்டிய சட்டமில்லை. அனிதா ஒருநாள் சரியாக ஐந்தரைக்குப் போனாள். மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர், "நேத்து ஹாஃப் டேயாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்ட சிரிப்பு, தங்கதுரையும் சிரித்தான். அதற்கப்புறம் யாரும் எழுந்ததில்லை.

அவன் மகள் ரூபாவுக்கு மூன்றரை வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பேச்சுப் பயிற்சி. சொல்லித்தரும் மாதேஷ், அப்பாவும் கூட வந்து உட்கார வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எட்டு வியாழன் போயிற்று. ஒன்றுக்கும் அவன் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காரை ஷெட்டில் விட்டுப் படியேறிய நாராயணப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டார். புதனன்று எல்லோரும் மாலையோடு போய்வந்தார்கள். துக்க வீட்டில் காரைப் பற்றி யாருக்கு நினைப்பு இருக்கும்? அது ஷெட்டிலேயே நின்றது.

வியாழன் ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. இன்றைக்காவது மகளிடம் போய்விடலாம் என்று தங்கதுரை பையைக் கட்டி வைத்திருந்தான். யாரும் எழவில்லை. இருபது தலையும் ஒருமுறை ஷெட் தெரியும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி மானிட்டரைப் பார்த்தன. கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

பக்கத்தில் இருந்த அனிதாவிடம், கிளம்பவில்லையா என்று மெதுவாகக் கேட்டான்.

"வண்டி நிக்குதேண்ணா."

"மனுசனே போயிட்டாரேம்மா."

"தெரியும்ண்ணா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பையோடு எழப் பார்த்தான். அத்தனை கீபோர்டும் ஒரே நேரத்தில் நின்றன. யாரும் அவனைப் பார்க்கவில்லை, காத்திருந்தார்கள். சொல்லவே கேவலமாக இருக்கிறது, பயந்துபோய் உட்கார்ந்துவிட்டான். சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

ஏழு மணிக்கு மனைவி வினிதா போனில் கூப்பிட்டாள்.

"பிள்ள பேசிருச்சுங்க. அப்பான்னு சொல்லிருச்சு."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரிடம் சொன்னாள் என்று கேட்டான்.

"மாதேஷ் சாரைப் பாத்து" என்றாள். பிறகு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தவன், எட்டு மணிவரை நாற்காலியை விட்டு எழவில்லை.