ஆடிக்காற்றில் வாங்கிய வண்டி

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் தனியாகப் போய் வாங்கிய பெரிய பொருட்கள் இரண்டே இரண்டு. ஒன்று கட்டில். அது வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. இன்னொன்று இன்வெர்ட்டர். அது கரண்ட் இருக்கும்போது மட்டும் பிரமாதமாக வேலை செய்தது. அதற்குப் பிறகு பிரிட்ஜ், கிரைண்டர், என் சட்டை, பனியன் வரைக்கும் எல்லாவற்றையும் என் மனைவியே வாங்கிக்கொண்டாள். நானும் ரோஷம் பார்க்காமல் போட்டுக்கொண்டேன்.

அவள் நர்ஸ். தேனியில் வேலை பார்த்தவரை ஒரு கவலையும் இல்லை. அந்த வருடம் அவளை ஆஸ்பத்திரியின் உத்தமபாளையத்துக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் இருப்பது பழனிசெட்டிபட்டியில். தேனியில் கிளம்பும் பஸ் எங்கள் ஸ்டாப்புக்கு வரும்போதே சீட்டெல்லாம் நிரம்பியிருக்கும். ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போவாள், நாளெல்லாம் வார்டில் நிற்பாள், திரும்பவும் நின்றுகொண்டே வருவாள். வந்ததும் கூடத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொள்வாள். இடுப்புக்கு அடியில் வைக்க ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பேன். அதைத் தவிர நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்பது எனக்கே உறுத்தியது. வீட்டில் இருந்த என் மொபெட், அச்சுக்கடைக்குத் தாளும் அட்டையும் சுமந்தே இளைத்துப்போனது. அதை நம்பி வீரபாண்டி வரைக்கும்கூடப் போக முடியாது.

"ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கி, தெனமும் நானே கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"யாரு வாங்குறது?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"நாந்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கண்மூடல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

எனக்குத் தொழில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது. ஆடி மாதம் வந்தால் கல்யாணம் கிடையாது, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம், எங்களுக்கு ஆடி இல்லை. ஆனால் என் கடைக்கு உண்டு. அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். விற்கிறவன் வந்த விலைக்குத் தள்ளிவிடத் துடித்துக்கொண்டிருப்பான். நமக்கோ தடையில்லை. இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது.

எங்களோடு இருக்கும் மாமியாருக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. "நாம வேதக்காரவுகதான் மாப்ள. இல்லேங்கல. அதுக்காக ஆடியில போயா வண்டி வாங்குறது? ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்றார். ஞானஸ்நானம் வாங்கி நான்கு தலைமுறை ஆகியும் ஆடி மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஒரு மாதம் பொறுத்தால் அவர் மகள் இன்னும் ஒரு மாதம் நிற்க வேண்டும் என்று சொன்னேன்.

போனில் தேடியதில் கம்பத்தில் ஒரு வண்டி அகப்பட்டது. நூறு சிசி, ஒரே ஓனர். ஜவுளி வியாபாரம் செய்யும் பாய் ஒருவருடையது. முட்டியில் ஆபரேஷன் ஆனதால் வண்டி ஓட்டக்கூடாது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்களாம். பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குக் காற்று அப்படி ஒரு காற்று. கேரளாப் பக்கம் மழை, இங்கே காற்று மட்டும் மலை இடுக்கில் புகுந்து தேனியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வார்த்தையிலேயே என் வியூகத்தை அவிழ்த்தேன். "ஆடி மாசம். யாரும் வாங்க மாட்டாகளே பாய்?"

"எங்களுக்கு ஏது தம்பி ஆடி?" என்றார் பாய், அலட்டிக்கொள்ளாமல். "உக்காருங்க, மொதல்ல டீயக் குடிங்க."

வியூகம் டீயோடு முடிந்தது. அடுத்து, அவர் பேசிய விதம் எனக்குப் புரியவே இல்லை. விற்கிறவர்கள் வண்டியைப் புகழ்வார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். இவர் குறையாக அடுக்கினார். கிளட்ச் கேபிள் போன வருடம் மாற்றியது, பின் விளக்கு சில நேரம் எரியாது, ஒரு தடவை மாட்டின் மேல் இடித்தது. "மாட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். கடைசியாக, "எதுக்கு வண்டி?" என்று கேட்டார். மனைவியைத் தினமும் காலையில் உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோய் விட என்றேன்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தனியாளுக்கு நல்ல வண்டி தம்பி. ரெண்டு பேரு, அதுவும் தேனியில இருந்து இங்கிட்டு வரணும்னா எதிர்காத்து. புரட்டாசி வரைக்கும் செரமப்படும். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கிளம்பினேன். உத்தமபாளையம் ரோட்டில் ஏறியதும் வண்டி பறந்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், அறுபது, எழுபது என்று முள் ஏறுகிறது. சத்தமே இல்லை. முகத்தில் காற்றுகூட அடிக்கவில்லை. என்ன அருமையான இன்ஜின் என்று வாய்விட்டுச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் மலையிடுக்கே மூச்சுவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

திரும்பும்போது முன்னால் ஒரு வாழைத்தார் லாரி. ஒரு வீட்டின் உயரத்துக்குத் தார் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே வண்டிகள் வந்தபடி இருந்ததால் அதை முந்த முடியவில்லை. கம்பம் வரைக்கும் அதன் பின்னாலேயே, அதன் மறைவிலேயே வந்தேன். வழி நெடுக அந்த டிரைவரைத் திட்டினேன். இவ்வளவு நல்ல வண்டியை இப்படி உருட்டவிடுகிறானே என்று எனக்கு அத்தனை ஆத்திரம்.

"எதிர்காத்துல எப்படி இருந்துச்சு?" என்று பாய் கேட்டார்.

"முன்னாடி ஒரு லாரி. ஓட்டவே விடல பாய்."

"அப்ப லாரி காத்த மறைச்சிருக்கும். இன்னொருக்கா போயிட்டு வாங்க தம்பி. அவசரமில்ல."

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. மனிதர் விற்க மனமில்லாமல் தவிக்கிறார். அல்லது இதைவிடப் பெரிய விலைக்கு யாரோ வந்திருக்கிறார்கள். அதனால்தான் என்னை விரட்டுகிறார். இந்தச் சாமர்த்தியமெல்லாம் என்னிடம் நடக்காது என்று முடிவு செய்து, பேரமே பேசாமல், அவர் சொன்ன விலையை அங்கேயே கொடுத்துவிட்டேன். வண்டியை விற்றவர் கவலையோடும் வாங்கியவன் கள்ளச் சிரிப்போடும் ஆர்டிஓ பாரத்தில் கையெழுத்துப் போட்டது அநேகமாக அன்றைக்கு மட்டும்தான். பாய் ஒரு மழை கவரும், துணியில் சுற்றிய ஒரு ஸ்பார்க் பிளக்கும் சும்மாவே கொடுத்தார். "என் நம்பர் இருக்குல்ல? சரிப்படலேன்னா சொல்லுங்க" என்றார்.

வீடுவரைக்கும் அதே காற்று, அதே பறத்தல். மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். டயரை அமுக்கினாள், சீட்டைத் தட்டினாள். "பரவால்லையே" என்றாள். பதினைந்து வருடத்தில் நான் கேட்டிராத வார்த்தை. மாமியார் ஹேண்டில்பாரில் ஒரு ஜெபமாலையைக் கட்டினார். யாரும் பார்க்காத நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் கிளம்பினோம். வீரபாண்டி தாண்டி வெட்டவெளி வந்ததும், யாரோ கையால் நெஞ்சில் அழுத்தி நிறுத்தியதுபோல வண்டி தளர்ந்தது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினேன். முப்பது. மூன்றாவது கியருக்கு வந்தேன். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. ஹெல்மெட் தலையோடு பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. காற்றாலை இறக்கைகள் மட்டும் உற்சாகமாகச் சுற்றின. தென்னங்கீற்று ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றை முந்தவே எனக்கு நெடுநேரம் பிடித்தது. மாட்டைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் பயம் வந்தது.

பின்னால் ஹாரன் அடித்தது. அவள் தினமும் போகும் பஸ். பக்கத்தில் வந்ததும் கண்டக்டர் படியில் தொங்கியபடி குனிந்து பார்த்தார்.

"என்ன சிஸ்டர், வண்டிய உருட்டிக்கிட்டா வாறீக? ஏறுறீகளா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே வயலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. இனி இவள் எனக்குச் சட்டை மட்டுமல்ல, பல் துலக்கும் பிரஷ்ஷையும் தானே வாங்குவாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கியபோது இருபது நிமிடம் தாமதம். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். அன்று முழுக்க நான் கடையில் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. அவள் மறுநாள் மறுபடி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு காரியம், அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

சாயங்காலம் பாயிடமிருந்து போன் வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று நினைத்தேன். விரல் தவறி அதில்தான் பட்டது.

"எப்படித் தம்பி, காத்துல போச்சா?"

"பறக்குது பாய்" என்றேன்.

"தம்பி, எனக்கு அந்த வண்டியப் பன்னெண்டு வருசமாத் தெரியும். கூச்சப்படாதீக. வண்டியக் கொண்டாந்துருங்க, பணத்த அப்படியே தந்துர்றேன்."

எனக்கு உயிர் வந்தது. "நாளைக்கே" என்று வாயைத் திறப்பதற்குள் அவள் கீரைக் கையோடு போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நான் அவுக வீட்டுக்காரி பேசுறேன். பறக்கவெல்லாம் இல்ல, நகருது. எல்லா பஸ்ஸும் எங்கள முந்திப் போச்சு. ஆனா வார்டுக்குள்ள போறப்ப இன்னைக்குத்தான் எனக்கு இடுப்பு வலிக்கல. வண்டியத் திருப்பித் தர்றதா இல்ல."

பாய் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. போனில் அலாரத்தைத் தேடி எடுத்து, கீரை ஒட்டிய விரலால் ஆறு மணியை ஐந்தரையாக மாற்றினாள்.