ஷேர் ஆட்டோவில் இருந்தபடி பிரான்ஸ் கோட்டைக்குள்

இன்று மாலை ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பிரான்ஸ் நாட்டுக் கோட்டை ஒன்றை நான் முற்றுகையிட்டேன்.

அக்கா மகள் வேணி அங்கே ஒரு கடலோரக் கிராமத்தில் இருக்கிறாள். மணலில் நடந்தபடி வீடியோ காலில் வந்தாள். எதிரே கடலுக்கு நடுவில், பாறை மேல் கோட்டை! நம் ராஜகோபுரத்தைப் பிடுங்கி அலைக்குள் நட்டதுபோல. ஆட்டோவே மூச்சுவிட மறந்தது.

"நடை எப்பம்மா சாத்துவாங்க?" என்றார் பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா.

"கடலே சாத்திடும்மா. தண்ணி ஏறினா இந்தப் பாதை முழுகிடும். அதுக்குள்ள பார்த்துட்டுத் திரும்பணும்."

"அப்பறம் இன்னா பேசிக்கினு நிக்கிற? ஓடு கண்ணு!"

ஓடினாள். கோட்டை வாசல் தெரிந்ததும் பூக்கார அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நாங்களும் கழற்றினோம். ஓட்டுநர் பிரேக் மிதிக்காத காலில் மட்டும் கழற்றினார்.

திரும்பும்போது தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. ஈரேழு உலகமும் நடுங்கியது. கரையேறிவிட்டாள்! நாங்கள் தட்டிய கைதட்டல் பிரான்ஸ் வரை கேட்டிருக்கும்.

அதே பரவசத்தில் இறங்கி, வீட்டு வாசலில்தான் கவனித்தேன். வெறுங்கால்.

பழுப்புச் செருப்பு, வலது வார் தைத்தது. கோட்டை வாசலில் விட்டேன். யாராவது பார்த்தீர்களா?