ஸ்கார்ஃபீல்ட் துரையின் சாவுப் பலகை

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு சந்தை ஊரில் ஜேபெஸ் மின்ஸ் வண்டிக் கதவுகளுக்கும் மதுக்கடைப் பலகைகளுக்கும் வண்ணம் பூசிக் காலம் தள்ளியவர். ஊரில் பெரிய வேலை என்றால், வங்கிக்கார ஸ்கார்ஃபீல்ட் குடும்பத்தின் சின்னத்தைத் தீட்டுவதுதான். மூன்று தேன்கூடுகள், மேலே ஒரு முள்ளெலி. பாட்டன் கம்பளி விற்றவர். பணம் பெருகியதும் முள்ளெலி பரம்பரையாக வந்து சேர்ந்தது. அந்த வேலை கைவிட்டுப் போனால் மின்ஸுக்கு மதுக்கடைப் பலகைதான் கதி.

ஸ்கார்ஃபீல்ட் பெரிய துரை படுத்த படுக்கையானார். அவர் மனைவி துரைசானியே மின்ஸின் கடைக்கு வந்தாள்.

"மின்ஸ், சாவுப் பலகையை இப்பவே எழுதிடு. உன் பெயின்ட் காய மாசக்கணக்கா ஆகும். அவர் அதுவரைக்கும் பொறுத்திருக்க மாட்டார்."

செத்தவர் வீட்டு வாசலுக்கு மேல் மாட்டும் சாய்சதுரப் பலகை அது. நடுவில் குடும்பச் சின்னம். பின்னணியில் போனவர் பக்கம் கறுப்பு, இருப்பவர் பக்கம் வெள்ளை. மின்ஸ் கணவனின் பாதியைக் கறுப்பாக்கி, வெயில் படட்டுமென்று கடை ஜன்னலில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். அன்று சந்தை நாள்.

"அடேய், ஸ்கார்ஃபீல்ட் போயிட்டாருடா!" என்றான் ஜன்னலைப் பார்த்த பன்றி வியாபாரி ஒருவன்.

"அப்ப நம்ம பணம்?"

"அதுவும் கூடவே போறதுக்குள்ள ஓடியா!"

வங்கி வாசலில் கூட்டம் நெரிந்தது. சத்தம் படுக்கை வரை எட்டியது. துரை இரவுத் தொப்பியோடு நாற்காலியில் தூக்கிவரப்பட்டு, வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்தார். கூட்டம் கலைந்தது. நாற்காலி நேராக மின்ஸ் கடைக்கு வந்தது.

"இதுல நான் எந்தப் பக்கம்?"

"கறுப்புங்க, ஐயா."

"முள்ளெலி நல்லா வந்திருக்கு. யார் எழுதச் சொன்னது?"

சொன்னால் துரைசானியின் தயவு போயிற்று. சொல்லாவிட்டால் துரையின் தயவு போயிற்று. எப்படியும் வேலை போயிற்று. மின்ஸ் தூரிகையைத் துடைத்தபடி சொன்னார்.

"அம்மா ரொம்ப முன்யோசனைக்காரங்க, ஐயா."

துரை விரலால் பலகையைக் காட்டினார்.

"சரி, என் பக்கத்தை வெள்ளையாக்கு. அவ பக்கத்தைக் கறுப்பாக்கு. நானும் முன்யோசனைக்காரன்தான்."

மின்ஸ் இரண்டு பக்கமும் சாம்பல் நிறம் பூசி, பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். துரை கேட்டாலும் துரைசானி கேட்டாலும் ஒரே பதில்: "இன்னும் காயலீங்க."

வேலை நிலைத்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கவனித்தபடி நெடுநாள் நலமாக இருந்தார்கள். மின்ஸ்தான் முதலில் போனார். அவருக்குச் சின்னம் கிடையாது. ஆகவே எந்தப் பக்கத்தையும் யாரும் கறுப்பாக்க வேண்டியிருக்கவில்லை.