பொட்டுக்கு நேராக, மூக்குக்கு நேராக

2007 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் டிரம்மை நிரப்பினேன். கணவருக்கு முதல் ஷிஃப்ட். சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்தேன். மகன் கல்லூரிக்குக் கிளம்பிய பிறகு முன்னறையைப் பெருக்கித் துடைத்தேன். கணவர் வேலைக்காகக் குடிவந்த கசார்வாடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பார்லர். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான். இரண்டு பேருக்குப் புருவம் திருத்தி அனுப்பிவிட்டு, பென்சில்களைச் சீவி, நூலைச் சுற்றி, சின்ன ஸ்கேலையும் மகனுடைய பழைய டிவைடரையும் டெட்டால் போட்டுத் துடைத்துப் பையில் வைத்தேன்.

பஸ் ஏறிப் போய் ஔந்தில் ஒரு பார்லரில் நிரந்தர மேக்கப் கற்றுக்கொண்டிருந்தேன். நுண்ணிய ஊசியால் தோலுக்குள் நிறத்தை இறக்கி, புருவம் உதிர்ந்தவர்களுக்குப் புருவம் போடுகிற வேலை. மெஷினைப் பேனா மாதிரி பிடிக்க வேண்டும். அது பயிற்சியின் கடைசி வாரம். உயிருள்ள முகத்தில் ஒரு ஜோடி புருவம் போட்டுக் காட்டினால்தான் சான்றிதழ். என்னோடு சேர்ந்த இரண்டு பெண்களும் போட்டு முடித்திருந்தார்கள். நான் இன்னும் ரப்பர் தோலிலேயே கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

என் கை கனம். வருடக்கணக்காக நூலை இழுத்துப் பிடித்துப் பழகிய மணிக்கட்டு, மெஷினைத் தொட்டதும் விறைத்துக்கொள்ளும். சொல்லிக் கொடுக்கிற மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். "ஹல்கா ஹாத், ஆன்ட்டி, ஹல்கா ஹாத்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே போவாள். எவ்வளவு லேசாக என்று கேட்டால் "அந்தாஸ் ஸே" என்பாள். ஊசி எவ்வளவு ஆழம் போகலாம்? அந்தாஸ் ஸே. நிறத்தை எத்தனை முறை ஏற்றுவது? தோலைப் பார்த்து, அந்தாஸ் ஸே. குத்துமதிப்பில் செய்யத்தான் எனக்குத் தெரியுமே, அதற்கு எதற்குப் பஸ் ஏறி இத்தனை தூரம் வர வேண்டும் என்று பல நாள் வயிறு எரிந்திருக்கிறது. வீட்டிலும் ஆறுதல் இல்லை. "பென்சில்ல வரைஞ்சா ஆவாதா? அதுக்கு ஒரு கோர்ஸு, கோர்ஸுக்கு ஒரு பஸ்ஸு" என்பார் கணவர்.

அன்று எனக்கு முகம் கிடைத்திருந்தது. எதிர் வீட்டுக்காரி. அவள் கணவருக்கும் என் கணவர் வேலை செய்யும் அதே ஃபேக்டரிதான். அவர்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தைராய்டு வந்து அவளுக்குப் புருவம் முக்கால்வாசி கொட்டிவிட்டது. தினமும் பென்சிலால் வரைந்துகொள்வாள்.

"ஒத்தப் புருவத்தோட கல்யாண வீட்ல பந்தியில இருந்து சாப்ட்டு எந்திரிச்சிருக்கேன்க்கா" என்று பஸ்ஸில் சொன்னாள். "இன்னொண்ணு வேர்வையில அழிஞ்சு போச்சு. பக்கத்துல இருந்தவ ஒருத்தியாவது சொன்னாளா? பாயசம் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுதா."

"இன்னைக்கு அழியாத மாதிரி போட்டுடறேன்."

"ஆடிச் செவ்வாயும் அதுவுமா ஊசி குத்திக்கிடப் போறேன்னு எங்கம்மாகிட்ட மட்டும் போன்ல சொல்லிராதீங்க."

ஔந்தில் மேடம் முதலில் அவளை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். ஆளைப் படுக்க வைத்துப் புருவம் வரையக் கூடாது, தோல் சரியும். அதை நான் முதல் வாரமே கற்றுக்கொண்டுவிட்டேன். முகத்தைத் துடைக்கும்போது பொட்டை எடுக்கப் போனேன். எதிர் வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாக்கிழம வெறும் நெத்தியா இருக்க வேண்டாம்க்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க ரெண்டு பக்கமும் வரைங்க."

சரியென்று விட்டேன். மேடம் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். நூலில் பென்சில் தூளைத் தேய்த்து நெற்றிக்கு நடுவில் பதித்துக் கோடு போட வேண்டும். இரண்டு புருவமும் அந்தக் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் தொடங்க வேண்டும். நடுவில் பொட்டு இருந்தது. நூலைப் பொட்டின் மையத்துக்கு நேராகப் பிடித்துப் பதித்தேன். எனக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை. நெற்றிக்கு நடுவில் வைப்பதுதானே பொட்டு.

பிறகு டிவைடரால் அளந்தேன். தொடக்கம், வளைவு, வால். ஒரு பக்கம் அளந்ததை மறுபக்கம் அப்படியே வைத்து, மறுபடி முதல் பக்கம் சரிபார்த்தேன். அந்த இரண்டு பெண்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். "ஆன்ட்டி ஜியாமெட்ரி எக்ஸாம் எழுதறாங்க" என்று ஒருத்தி ஹிந்தியில் சொல்ல, மற்றவள் சிரித்தாள். நான் திரும்பவில்லை. மயிரிழை பிசகாமல் இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டேன்.

அவள் உள்ளே வந்து மூன்றடி தள்ளி நின்றாள். கிட்டேகூட வரவில்லை. "கோணல்" என்றாள்.

"அளந்திருக்கிறேன், மேடம்."

"அளந்தாலும் கோணல்தான்." மூக்குத் தண்டிலிருந்து நூலை மேலே பிடித்துக் காட்டினாள். நூல் பொட்டின் நடுவில் போகவில்லை. அதன் வலது விளிம்பை உரசிக்கொண்டு போனது. பொட்டு இடப்பக்கம் தள்ளியிருந்தது. என் இரண்டு புருவங்களும் பொட்டோடு சேர்ந்து ஒழுங்காக இடப்பக்கம் தள்ளியிருந்தன. மேடம் பஞ்சை எடுத்து இரண்டையும் அழித்தாள். "ஃபிர் ஸே. மூக்கிலிருந்து."

மறுபடி வரைந்தேன். இந்த முறை மேடம் தலையாட்டினாள். மரத்துப்போகிற க்ரீமைத் தடவலாம் என்றாள். க்ரீம் டப்பாவைத் திறக்கும்போது எதிர் வீட்டுக்காரி கண்ணாடி கேட்டாள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னக்கா, பொட்டு நவுந்து போச்சு?"

"பொட்டு நகரல. புருவம்தான் இப்ப சரியா நடுவுல இருக்கு."

"அப்ப பொட்டு?"

பொட்டை வலப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்றேன். செவ்வாய்க்கிழமையை மறந்து அவளே பொட்டை உரித்து நான் காட்டிய இடத்தில் ஒட்டினாள். பழைய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. வருடக்கணக்காக ஒட்டுப்பொட்டின் பசை தின்ற தோல். புதுப் பொட்டு அதில் பாதியைத்தான் மறைத்தது. மீதி பிறை மாதிரி வெளியே நின்றது.

"இத எங்கக்கா கொண்டு வைக்க?" என்றாள்.

மேடத்திடம் ஹிந்தியில் சொன்னேன். பொட்டுக்கு நேராகவே போட்டுவிடலாமா என்றும் கேட்டேன். "ஆன்ட்டி, பிந்தியை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். புருவம் வருடக்கணக்கில் நகராது. எதிரே நிற்பவன் மூக்கைத்தான் பார்ப்பான். என் இடத்தில் கோணல் புருவம் போட விடமாட்டேன்" என்றாள்.

எதிர் வீட்டுக்காரிக்கு ஹிந்தி நன்றாகவே புரியும். என்னிடம் தமிழில் சொன்னாள்: "எதுக்க நிக்கவன் பாக்கது இருக்கட்டும். கண்ணாடியில என்னப் பாக்கது நானுல்லா? தெனமும் காலையில பொட்டு கோணையா நிக்குறதப் பாத்துக்கிட்டே இருந்தா நான் கோட்டிக்காரி ஆயிருவேன்."

அவள் சொன்னதும் சரி, மேடம் சொன்னதும் சரி. எனக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. யாராவது ஒருத்தி தப்பாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். க்ரீம் டப்பாவை மூடினேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமைவரை நேரம் தருவதாகவும், வேறு முகம் கிடைத்தால் கூட்டி வரும்படியும் சொல்லிவிட்டுப் போனாள். மெஷினை நான் தொடக்கூட இல்லை. வாசலில் நின்ற பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பும்போது தூறல். பஸ் ஜன்னலை மூட முடியவில்லை. என் பை நனைந்தது. எதிர் வீட்டுக்காரி பழைய இடத்திலேயே பொட்டை ஒட்டிக்கொண்டு, புருவம் இல்லாமல், முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோவமாக்கா?"

"உன் மேல இல்ல."

"பின்ன யாரு மேல?"

"உன் மூக்கு மேல."

அவள் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வேணும்னா எங்க வீட்டுக்காரவுக தங்கச்சியக் கேட்டுப் பாக்கேன். அவளுக்குப் புருவம் இருக்கு, ஆனா சீக்கு புடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள். இருக்கிற புருவத்தின் மேல் வரைவது வேறு வேலை, அதை மேடம் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்றேன்.

கசார்வாடியில் இறங்கும்போது அவள் தயங்கினாள். "மூக்குக்கு நேராவே போட்டுருங்கக்கா. நான் பழகிக்கிடுதேன்."

எனக்குச் சான்றிதழ் வேண்டும். சரி என்று சொல்லிவிட்டால் வியாழக்கிழமை முடிந்துவிடும். ஆனால் அவள் அதைச் சொன்னது எனக்காக. நெற்றி அவளுடையது, வருடக்கணக்கில் அழியாது. "இரு, யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். ராத்திரி சாப்பாட்டின்போது கணவர் "போட்டாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

தட்டுகளைக் கழுவும்போதுதான் ஒன்று உறைத்தது. பொட்டை வைத்து நான் அளந்துவிட்டேன், மூக்கை வைத்து மேடம் அளந்துவிட்டாள். இத்தனை நாளும் அந்தப் பொட்டும் அந்த மூக்கும் இருக்கிற முகத்தில் அவள் தானே புருவம் வரைந்துகொண்டுதான் இருந்தாள்; அது கோணல் என்று அவளும் சொன்னதில்லை, எனக்கும் பட்டதில்லை. அதை எங்கே தொடங்குகிறாள் என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. இன்றும் ஔந்துக்குப் போனதும் அவள் வரைந்திருந்ததைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் ஸ்கேல் இல்லை, நூல் இல்லை. அவள் அப்போதுதான் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, வெறும் நெற்றியாக வந்தாள். "தெனமும் வரையற மாதிரியே வரை. நான் பாக்கறேன்" என்றேன். பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். பென்சிலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டாள். வலது புருவத்தில் தொடங்கினாள்.